தலைவரும் பன்னிரண்டாமவரும்

அவைத்தலைவர் அவர்களே, கிரிக்கெட் அன்பர்களே!

சுழற்பந்து வீச்சில் இந்தியா கோலோச்சிய காலத்தைப் பேசும்போது பேடி, பிரசன்னா, சந்திரசேகர் என்று அடுக்கிவிட்டு, நான்காவது பெயரை மூச்சு வாங்கிய பிறகே சொல்கிறோம். அந்த நான்காமவரான ஸ்ரீனிவாசராகவன் வெங்கட்ராகவனைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன்.

1945இல் பிறந்து கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த அவர், 1965இல் நியூசிலாந்துக்கு எதிரான தொடரில் இந்திய அணிக்குள் வந்தார். இருபது வயதுகூட நிரம்பாத நிலையில், அத்தொடரின் டெல்லி டெஸ்டில் முதல் இன்னிங்ஸில் 8, இரண்டாவதில் 4 என 12 விக்கெட்டுகளைச் சாய்த்தார். பிரசன்னா பந்தை மேலே மிதக்கவிட்டு ஆட்டக்காரரை ஆசை காட்டி வெளியே இழுப்பார். நெடிய உருவம் கொண்ட வெங்கட்டோ சற்று வேகமாக, தாழ்வாக, ஒரே இடத்தில் விழும்படி வீசி ரன்னுக்கு வழியில்லாமல் அடைப்பார். ரசிகர்களின் மனம் முன்னதில் மயங்கியது இயல்புதான் என்றாலும், 1971இல் மேற்கிந்தியத் தீவுகளில் நாம் முதன்முறையாகத் தொடரை வென்றபோது இந்தியத் தரப்பில் அதிகமாக 22 விக்கெட்டுகளை எடுத்தவர் துணைத்தலைவரான வெங்கட்தான் என்பதை மறந்துவிடக் கூடாது.

தேர்வாளர்கள் அவரை நடத்திய விதம் வேறு. 1974 டிசம்பரில், பட்டோடியும் கவாஸ்கரும் காயத்தால் விலகியதால் டெல்லி டெஸ்டில் அவர் இந்தியாவின் தலைவரானார். அடுத்த கல்கத்தா டெஸ்டில் அவரே பன்னிரண்டாவது ஆட்டக்காரர், அதாவது சகாக்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் இடத்தில்! பிறகு 1975, 1979 ஆகிய முதல் இரு உலகக் கோப்பைகளிலும் அவரே தலைவர். ஆறு ஆட்டங்களில் கிழக்கு ஆப்பிரிக்காவை மட்டுமே வென்றோம் என்பதால் அதைப் பெருமையாகப் பேச இடமில்லை. ஆனால் 1979 இங்கிலாந்துத் தொடரின் கடைசி டெஸ்டில், ஓவல் மைதானத்தில் 438 ரன் இலக்கைத் துரத்தி 429 வரை சென்ற அணியோடு தாயகம் திரும்பும்போது, கவாஸ்கர் புதிய தலைவராக நியமிக்கப்பட்ட செய்தியை விமானி ஒலிபெருக்கியில் அறிவிக்க, பதவி பறிபோனவர் அதைப் பயணிகளோடு பயணியாக உட்கார்ந்து கேட்க நேர்ந்தது. நீக்குவது வாரியத்தின் உரிமை. நேரில் ஒரு வார்த்தை சொல்லாமல் நீக்கியதை எந்தக் கணக்கில் வைப்பது?

57 டெஸ்ட், 156 விக்கெட் என்ற கணக்குடன் 1983இல் அவருடைய ஆட்டம் முடிந்தது. பத்தாண்டு கழித்து, 1993 ஜனவரியில், முன்பு பன்னிரண்டாமவராய் வெளியே இருந்த அதே கல்கத்தாவில் வெள்ளைக் கோட்டு அணிந்து டெஸ்ட் நடுவராக நின்றார். களத்தில் கோபக்காரர் என்று பெயர் எடுத்தவர், நடுவராகப் பிறர் கோபத்துக்கு அசையாதவராக இருந்தார். பல்லாண்டு ஒரே அளவில் பந்து போட்டவருக்கு, நாள் முழுவதும் ஸ்டம்புகளுக்குப் பின்னால் கவனம் கலையாமல் நிற்பது பழைய தொழிலின் தொடர்ச்சியே என்று நான் கருதுகிறேன்.

2002இல் சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் உயர்நிலை நடுவர் குழுவை அமைத்தபோது, எட்டுப் பேரில் ஒரே இந்தியர் அவர். 73 டெஸ்டுகளில் நடுவராக நின்று 2004இல் அவர் விடைபெற்ற பின், 2015இல் எஸ். ரவி சேரும்வரை அக்குழுவில் வேறு இந்தியர் எவரும் இடம்பெறவில்லை.