வாசிப்புக் குழுவைக் கலைக்காத புத்தகம் எது? கொங்குக் கணக்கு!

வணக்கம்ங்க. ஒரு வாசிப்புக் குழுவைக் கலைப்பது ரொம்ப சுலபம். முதல் கூட்டத்திலேயே ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகத்தையும் மேசையில் அடுக்கி வைத்து, “அடுத்த மாசம் பேசலாம்” என்று சொல்லிவிடுங்கள். அடுத்த மாசம் நீங்களும் காபியும்தான் மிச்சம்.

வாசிப்புக் குழு என்றால் என்ன, எதற்கு என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். தாண்டிப் போகலாம்.

[திரையில்: ஐந்து பாகங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக]

இதை முதன்முதலில் படித்தவர்கள் எத்தனை நாளில் முடித்திருப்பார்கள், சொல்லுங்கள் பார்ப்போம்? மூன்றரை வருஷம்! 1950 அக்டோபரில் கல்கி இதழில் தொடங்கிய தொடர், 1954 மே மாதம்தான் முடிந்தது. வாரத்துக்கு ஓரிரு அத்தியாயம். கெஞ்சினாலும் அதற்கு மேல் கிடைக்காது. வந்தியத்தேவன் ஏதாவது ஒரு நிலவறையில் மாட்டிக்கொண்டு நிற்பான், படிக்கிறவர் அடுத்த இதழுக்குக் காத்திருக்க வேண்டும். அதுவரை வீட்டிலும் திண்ணையிலும் அதே பேச்சுதான். அந்தப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, பைண்ட் பண்ணி வைத்தவர்கள் உண்டு. எங்காவது பரணில் கிடைத்தால் புரட்டிப் பாருங்கள். பின்பக்கத்தில் ஒரு விளம்பரம் பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும், ஓரத்து எழுத்தைத் தையல் விழுங்கியிருக்கும். எனக்கு அதைப் பார்த்தாலே குஷி. இரண்டாயிரம் பக்கத்தைத் தாண்டும் கதையை ஊரே படித்து முடித்தது என்றால், அந்தத் தவணைதான் காரணம் என்பேன். நம்ம பக்கம் ஓடுகிற ஏலச்சீட்டும் இப்படித்தானே? மொத்தப் பணத்தையும் முதல் மாசமே கட்டச் சொன்னால் எவன் சீட்டுச் சேருவான்?

அதனால் முதலில் ஆட்களைக் கணக்குப் போடுங்கள். வேலைக்குப் போகிறவர் வாரத்தில் நாலு நாள், நாளுக்குப் பத்துப் பக்கம் படிப்பார் என்று வையுங்கள். மாசத்துக்கு 160 பக்கம். அப்புறம் ஈரோட்டில் திங்கள் ராத்திரி ஜவுளிச் சந்தை, திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம், நடுவில் ஆடி நோம்பி, மாமன் வீட்டுச் சீர். இதையெல்லாம் கழித்தால் 120 தேறும். பெரிய புத்தகம்தான் வேண்டும் என்றால், இந்த அளவில் துண்டு போட்டு மாசாமாசம் பேசுங்கள்.

சரி, அளவு பிடிபட்டுவிட்டது. எதைப் படிப்பது? என் கருத்து: சண்டை வருகிற புத்தகம். ஆர். ஷண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ இருக்கிறதே, 1942-இல் வந்தது, கொங்குப் பேச்சு மணக்கிற சின்ன நாவல். கணவனை இழந்த நாகம்மாள், கொழுந்தனிடம் காடுதோட்டத்தில் தன் பங்கைப் பிரித்துக் கேட்கிறாள். போதாதா? பங்கு பிரிப்பதைப் பற்றிக் கருத்தே இல்லாத ஆளை நம்ம ஊரில் காட்டுங்கள் பார்க்கலாம். “அவ கேட்டது நியாயந்தானுங்க” என்று ஒருவர் தொடங்கினால், எதிரே இருப்பவர் சும்மா இருப்பாரா? பாதி படித்தவர்கூட பஞ்சாயத்துக்கு உட்கார்ந்துவிடுவார். பேச்சில் தோற்காமல் இருக்கவாவது மீதியைப் படித்துவிட்டு வருவார். எல்லோரும் “அருமையான புத்தகம்” என்று தலையாட்டுகிறார்களா? அதைத் தனியாகப் படித்துக்கொள்ளுங்கள், குழுவுக்கு வேண்டாம்.

எல்லோருக்கும் பிரதி கிடைக்குமா என்று முன்னாடியே கடையில் கேட்டுவிடுங்கள்.

ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்குக் குழுவாகவே போகிறீர்களா? வாங்குவதற்கு முன்னால் ஓரமாக நின்று முதல் நாலு பக்கத்தை ஒருவர் சத்தமாகப் படிக்கட்டும். கேட்கிறவர்கள் போனை எடுத்து நோண்ட ஆரம்பித்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

உங்கள் குழு எந்தப் புத்தகத்தை எத்தனையாவது பக்கத்தில் கைவிட்டது? கமெண்டில் போடுங்கள். ஒரு பக்கம்கூடப் படிக்காமல் வந்து, கூட்டம் முழுக்க அவரே பேசுகிற அந்த ஒரு ஆளை என்ன செய்வது என்றும் யாராவது சொல்லுங்கள். நமக்குத் தெரிந்து அதற்கு மருந்து இல்லைங்க.