மூன்று மணி நேர வேலை

வணக்கம். கால்பந்து பற்றிப் பேச வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டபோது, கோப்பைக் கணக்கெல்லாம் வேண்டாம், ஒரு மேனேஜரை, அதாவது அணியின் தலைமைப் பயிற்சியாளரைப் பற்றி மட்டும் பேசட்டுமா என்று கேட்டேன். சரி என்றார்கள். அவர் மார்செலோ பியல்சா. அர்ஜென்டினாவில் ரோசாரியோ என்ற ஊரில் 1955-இல் பிறந்தவர். 2018 ஜூனிலிருந்து 2022 பிப்ரவரி வரை, முழுதாக நாலு வருடம்கூட இல்லை, இங்கிலாந்தின் வடக்கே இருக்கும் லீட்ஸ் யுனைடெட் அணியைப் பார்த்துக்கொண்டார். அந்த நாலு வருடத்தில் ஒரு ஊர் அவரைத் தன் வீட்டு ஆளாகவே எடுத்துக்கொண்டது. அது எப்படி நடந்தது என்பதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

குப்பையிலிருந்து ஆரம்பிக்கிறேன். அவர் வந்த அந்தக் கோடையில் கிளப் ஊழியர்களிடம் ஒரு கேள்வி கேட்டார் என்று செய்திகளில் வந்தது. நம் ஆட்டத்துக்கு ஒரு டிக்கெட் வாங்க இந்த ஊரில் ஒரு சாதாரண ஆள் எத்தனை மணி நேரம் வேலை செய்ய வேண்டும்? கணக்குப் போட்டுப் பார்த்து, ஏறத்தாழ மூன்று மணி நேரம் என்றார்கள். உடனே ஆட்டக்காரர்களைக் கூப்பிட்டு, பயிற்சி மைதானத்தைச் சுற்றிக் கிடந்த குப்பையை மூன்று மணி நேரம் பொறுக்க வைத்தார். லட்சக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவர்கள் குனிந்து குப்பை எடுக்கிறார்கள். உன் ஆட்டத்தை உட்கார்ந்து பார்க்க ஒருவன் தன் வாழ்நாளில் இவ்வளவு நேரத்தைக் கொடுத்திருக்கிறான், அந்த நேரம் எவ்வளவு நீளம் என்று உன் முதுகுக்குத் தெரியட்டும் என்பதுதான் விஷயம். ரசிகர்கள்தான் எங்கள் பலம் என்று எல்லா மேனேஜரும் மைக் முன்னால் சொல்வார்கள், நானும் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ரசிகரின் கூலியை மணிக்கணக்காக மாற்றிப் பார்த்தவரை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

இது லீட்ஸில் ஏன் அப்படி ஒட்டிக்கொண்டது என்பதற்கு அந்த ஊரைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். கம்பளித் துணி ஆலைகளால் வளர்ந்த ஊர் அது. அது இருக்கும் யார்க்ஷயர் பகுதிக்காரர்கள் மனதில் பட்டதை நேராகச் சொல்லிவிடுவார்கள், வேலை செய்யாமல் வாய் பேசுகிறவனைக் கண்டால் அவர்களுக்கு ஆகாது. டான் ரெவி மேனேஜராக இருந்த காலத்தில், 1969-லும் 1974-லும் லீட்ஸ்தான் இங்கிலாந்தின் சாம்பியன். ரெவி போன பிறகு பிரையன் கிளஃப் வந்தார். பெரிய திறமைசாலி, ஆனால் இந்த அணியை வெளியிலிருந்து வருடக்கணக்கில் திட்டிக்கொண்டிருந்தவர், வந்த பிறகும் அந்த வெறுப்பை வாசலில் கழற்றி வைக்கவில்லை. 44 நாளில் அனுப்பிவிட்டார்கள். ஆக, மேனேஜர் கெட்டிக்காரராக இருந்தால் மட்டும் போதாது என்பதை அந்த ஊர் 1974-லேயே பார்த்துவிட்டது.

அப்புறம் வந்தது கஷ்ட காலம். கடனில் மூழ்கி, 2004-இல் இங்கிலாந்தின் முதல் நிலைப் போட்டியான பிரீமியர் லீக்கிலிருந்து கீழே இறங்கி, 2007-இல் மூன்றாம் நிலைக்கே போய்விட்டார்கள். மேனேஜர்கள் வந்தார்கள், போனார்கள். எல்லண்ட் ரோடு மைதானத்துக்குக் கூட்டம் மட்டும் வந்துகொண்டே இருந்தது. அப்படிப் பதினாலு வருடம் காத்துக்கிடந்த ஊருக்குத்தான் இந்த மனிதர் வந்து சேர்ந்தார்.

வந்தவர் எங்கே குடியிருந்தார் தெரியுமா? வெதர்பி என்ற சின்ன ஊரில், ஒரு மிட்டாய்க் கடைக்கு மேலே, ஒற்றைப் படுக்கையறை வீடு. அங்கிருந்து தார்ப் ஆர்ச் பயிற்சி மைதானத்துக்கு முதுகில் பையை மாட்டிக்கொண்டு முக்கால் மணி நேரம்போல நடந்தே போவார். சூப்பர் மார்க்கெட்டில் கிளப்பின் டிராக் சூட்டோடு சாமான் வாங்குவார், யாராவது போட்டோ கேட்டால் நின்று எடுத்துக்கொள்வார். ஆங்கிலம் பேசமாட்டார், பேட்டிக்கெல்லாம் மொழிபெயர்ப்பாளர்தான். ஆட்டத்தின்போது மைதான ஓரத்தில் ஒரு நீல வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருப்பார். மொழி தெரியாத ஒருவரை, ஏழாயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் பிறந்த ஒருவரை, இவர் நம்ம ஆள் என்று அந்த மக்கள் சொன்னதற்கு, அந்த நடையும் அந்த வீடும் பெரிய காரணம் என்பது என் எண்ணம். மக்கள் கவனித்துக்கொண்டே இருப்பார்கள், தங்களோடு வந்து வாழ்கிறவரையும் வேலை முடிந்ததும் மறைந்துவிடுகிறவரையும் அவர்களால் பிரித்துப் பார்க்க முடியும்.

அவர் செய்ததெல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. 2019 ஜனவரியில் டெர்பி அணியின் பயிற்சியை எட்டிப் பார்க்க ஆள் அனுப்பி மாட்டிக்கொண்டார். அது தப்புதான். ஆனால் மறைக்கவில்லை. பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, அந்த சீசனில் எதிரே வந்த எல்லா அணியின் பயிற்சியையும் பார்க்க ஆள் அனுப்பினேன் என்று தானே ஒப்புக்கொண்டு, எதிரணிகளைப் பற்றி எப்படிப் படிக்கிறார்கள் என்பதைத் திரையில் போட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் விளக்கினார். கிளப்புக்கு விதித்த 2 லட்சம் பவுண்டு அபராதத்தையும் தன் கையிலிருந்து கட்டினார்.

அதே வருடம் ஏப்ரல் 28. ஆஸ்டன் வில்லாவோடு ஆட்டம், எல்லண்ட் ரோட்டில். இரண்டாம் நிலையிலிருந்து பிரீமியர் லீக்குக்கு நேரடியாக மேலே போகும் வாய்ப்பு ஏற்கனவே நூலிழையில் தொங்கிக்கொண்டிருக்கிறது. வில்லா வீரர் ஒருவர் அடிபட்டுத் தரையில் கிடக்கிறார், லீட்ஸ் நிறுத்துவார்கள் என்று எதிரணி எதிர்பார்க்கிறது, இவர்கள் நிறுத்தாமல் போய், மத்தேயுஸ் கிளிச் கோல் அடித்துவிடுகிறார். ஒரே தள்ளுமுள்ளு. பியல்சா ஓரத்தில் நின்று கத்துகிறார்: அவர்களைக் கோல் அடிக்க விடுங்கள்! லீட்ஸ் ஆட்டக்காரர்கள் ஒதுங்கி நிற்க, வில்லா பந்தை நடத்திக்கொண்டுபோய் வலைக்குள் போட்டது. லீட்ஸ் தடுப்பாட்டக்காரர் யான்சன் மட்டும் மனசு கேட்காமல் தடுக்கப் பார்த்தார், அவர் மேலும் எனக்குக் கோபமில்லை. ஆட்டம் 1-1. லீட்ஸுக்கு நேரடி வாய்ப்பு முடிந்தது, அப்புறம் மிச்சமிருக்கும் ஒரு இடத்துக்காக நடக்கும் பிளே-ஆஃபிலும் டெர்பியிடம் தோற்று அந்த வருடம் மேலே போக முடியவில்லை. ஃபிஃபா அந்த வருடத்து நேர்மை விருதை பியல்சாவுக்கும் லீட்ஸுக்கும் கொடுத்தது. பதினைந்து வருடம் ஏங்கிய ஒரு ஊர் அன்றைக்கு அவரை வெறுத்திருக்கலாம். எழுபதுகளிலிருந்து அழுக்கு ஆட்டம் ஆடுகிறவர்கள் என்ற பெயரைச் சுமந்த ஊர் அது. அந்தப் பெயரை ஒரு மத்தியானத்தில் ஒருவர் துடைத்துக் காட்டினார் என்றால், அதை எப்படி மறப்பார்கள்?

2020 ஜூலையில் மேலே போய்விட்டார்கள், இரண்டாம் நிலையின் சாம்பியனாகவே போனார்கள். பதினாறு வருடக் காத்திருப்பு முடிந்த நேரத்தில் கொரோனாவால் மைதானத்தில் ஒரு ரசிகர்கூட இல்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. சுவர்களில் அவர் படம் வந்தது, நகரின் நடுவே ஒரு சந்துக்கு அவர் பெயர் வைத்தார்கள். முதல் வருடமே பிரீமியர் லீக்கில் ஒன்பதாம் இடம்.

கால்வின் பிலிப்ஸைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாதிதான் சொன்னதாகும். லீட்ஸிலேயே பிறந்து வளர்ந்த பையன். பியல்சா அவரைத் தடுப்பாட்டக்காரர்களுக்கு முன்னால் நிறுத்தி வேறொரு ஆட்டக்காரராகவே ஆக்கினார். 2020 செப்டம்பரில் பிலிப்ஸ் இங்கிலாந்துக்காக முதல்முறை ஆடியபோது, பியல்சா தான் ஒரு காலத்தில் ஆடிய ரோசாரியோவின் நியூவெல்ஸ் ஓல்ட் பாய்ஸ் சட்டையை அவருக்குப் பரிசாகக் கொடுத்தார். அந்தக் கிளப்பின் மைதானத்துக்கே பியல்சாவின் பெயர்தான். தன் ஊரை நேசிக்கத் தெரிந்தவரால்தான் இன்னொருவர் ஊரையும் இப்படி மதிக்க முடியும் என்று எனக்குத் தோன்றும்.

2022 பிப்ரவரியில் எல்லாம் சரிந்தது. முக்கியமான ஆட்டக்காரர்கள் காயத்தில் கிடந்தார்கள், அவரோ ஆடும் முறையை மாற்றிக்கொள்ளவே இல்லை. அந்த ஒரு மாதத்தில் லீக்கில் ஐந்து ஆட்டம், வாங்கிய கோல்கள் 20. கடைசி ஆட்டம் டாட்டன்ஹாமோடு, சொந்த மண்ணில் 0-4. நாலு கோல் வாங்கிக்கொண்டிருக்கும்போது எல்லண்ட் ரோடு கூட்டம் என்ன செய்தது? அவர் பெயரைச் சொல்லிப் பாடியது. மறுநாள், பிப்ரவரி 27, அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். புது மேனேஜர் வந்து ஆட்டங்கள் தொடங்கின, கூட்டத்தில் பாட்டு நிற்கவில்லை, அதே பெயர்தான்.