எத்தனை நாள் கரண்ட்?

நேயர்களுக்கு வணக்கம். நான் வைத்தியர் இல்லை, கணிதம் படிப்பிக்கிறவன். புற்றுநோய்க்குக் கரண்ட் பிடிக்கிற, அதாவது கதிர்ச் சிகிச்சை எடுக்கிற விஷயத்தில் உனக்கென்ன வேலை என்று கேட்பீர்கள். எத்தனை நாள், நாளுக்கு எவ்வளவு என்று பிரிப்பது கணக்குத்தானே!

கதிரை அளக்கும் அலகான கிரேயில் சொன்னால், மார்புப் புற்றுநோய்க்குப் பழைய முறை 50 கிரே. அதை 25 பங்காக்கி, கிழமைக்கு ஐந்து நாளாக ஐந்து கிழமை கொடுப்பார்கள். ஏன் ஒரேயடியாகக் கொடுப்பதில்லை? கதிர் போகிற வழியில் தோலும் நுரையீரலும் இருக்கின்றன. கொஞ்சங்கொஞ்சமாகக் கொடுத்தால் நல்ல கலங்கள் இடைவெளியில் தேறிவிடும். புற்றுக்கலங்கள் பெரும்பாலும் அவ்வளவு தேறுவதில்லை.

ரேடியோவில் சூத்திரம் சொல்வது வம்புதான், ஆனாலும் ஒன்றே ஒன்று. ஒரு தடவைக்குரிய அளவை 3 ஆல் வகுத்து, 1 ஐக் கூட்டி, மொத்த அளவால் பெருக்குங்கள். நல்ல இழையத்தில் பிற்காலத்தில் தெரியவரும் பாதிப்பின் கனம் ஏறக்குறைய அதுதான். 2 கிரேயாக 25 தடவைக்கு 83 வருகிறது. 5.2 கிரேயாக ஐந்தே தடவைக்கு 71தான். கட்டிக்கு இதே கணக்கைப் போடும்போது பல புற்றுநோய்களில் 3க்குப் பதில் 10 வரும். மார்புப் புற்றுநோயிலோ சுமார் 4. நல்ல இழையத்துக்கும் கட்டிக்கும் வித்தியாசம் இவ்வளவு குறைவென்றால், பொடிப்பொடியாகப் பிரிப்பதால் பெரிய இலாபமில்லை. பிரித்தானியாவில் நாலாயிரத்துக்கு மேற்பட்டோரிடம் இதைச் சோதித்து 2020இல் முடிவு வெளியிட்டார்கள்: ஒரு கிழமையில் ஐந்து தடவையாகக் கொடுக்கும் 26 கிரே, மூன்று கிழமையில் கொடுக்கும் 40 கிரேக்குச் சளைத்ததல்ல.

பொகவந்தலாவையில் கொழுந்தெடுக்கிற ஓர் அக்காவுக்கு இதில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். கண்டியிலோ மகரகமையிலோ சிகிச்சைக்குத் தங்கும் நாட்களில் அரைப் பேர்கூட, அதாவது அரைநாள் சம்பளம்கூட விழாது. உகந்த அட்டவணை தேடும் சமன்பாடுகளில் கட்டி இருக்கும், நுரையீரல் இருக்கும்; பஸ் காசும் பிள்ளைகளைப் பார்க்க ஆளும் பெரும்பாலும் இருக்காது. மருத்துவப் பலன் சமமென்றால் நாள் குறைந்ததே உகந்தது என்பேன்.

ஆனால் வெற்றிலை, புகையிலையால் வாயில் வருகிற புற்றுக்கு இந்தச் சலுகை கிடையாது. அங்கே சிறு பங்குகள்தான், ஆறேழு கிழமை. நாலாவது கிழமையளவில் மிஞ்சிய கலங்கள் வேகமாகப் பெருகத் தொடங்கும். சிகிச்சை ஒரு நாள் இழுபட்டால் கட்டி அடங்கும் வாய்ப்பில் நூற்றுக்கு ஒன்று போல் குறையும். "இன்றைக்குப் பேர் போட்டுவிட்டு நாளைக்குப் போவோம்" என்பது அங்கே சரிவராது.

மண்சரிவில் பாதை அடைபட்டால் உடனே கிளினிக்குக்குக் கோல் எடுங்கள். தவறியதை இன்னொரு நாளில் இரண்டு நேரமாக, நடுவே ஆறு மணித்தியாலமாவது விட்டுக் கொடுக்க வழியிருக்கலாம். மார்புக்கு என்றால், "குறைந்த நாள் முறை எனக்குப் பொருந்துமா, டொக்டர்?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். கக்கத்து நிணநீர்க் கணுக்களுக்கும் கதிர் வேண்டியவர்களுக்குக் கணக்கு வேறாக வரலாம். அதை அவர்தான் சொல்லவேண்டும்.