இருபத்தாறாவது பகுதிக்கு அப்புறம்

நேயர்களுக்கு வணக்கம்.

"அடுத்தது எங்கே மாமா?" என்று என் அக்கா மகன் கேட்டபோது அவனுக்குப் பத்து வயது. 2011 கோடை விடுமுறை. டிவிடி தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான், உறையைக் கவிழ்த்துத் தட்டுகிறான். 'தி ஸ்பெக்டாகுலர் ஸ்பைடர்மேன்' என்கிற அமெரிக்க அனிமேஷன் தொடரின் 26ஆம் பகுதியை அப்போதுதான் பார்த்து முடித்திருந்தோம். இதோடு சரி, இதற்கு மேல் எடுக்கவில்லை என்றேன். அவன் நம்பவில்லை. "வில்லன் பிளேன் ஏறிட்டான். இவன் க்வென்கிட்ட ஒண்ணும் சொல்லல. அதுக்குள்ள எப்படி முடியும்?"

நியாயமான கேள்விதான். அந்தக் கடைசிப் பகுதியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

கிரெக் வைஸ்மன், விக்டர் குக் என்ற இருவர் உருவாக்கிய தொடர் இது. 2008 மார்ச்சில் தொடங்கியது. இதில் ஸ்பைடர்மேன் முகமூடிக்குள் இருக்கும் பீட்டர் பார்க்கருக்குப் பதினாறு வயது. பள்ளிக்கூடப் பையன். இதை ஒரு மாணவனின் படிப்பாகவே வைஸ்மன் நினைத்திருந்தார். அதனால் பகுதிகளின் தலைப்புகள்கூடப் பாடப்புத்தகத்திலிருந்து வந்தவை. முதல் மூன்றும் உயிரியல், அடுத்த மூன்றும் பொருளாதாரம், இன்னொரு இடத்தில் உளவியல், பொறியியல் என்று போகும். கடைசியில் நாடகக் கலை. 26ஆம் பகுதியின் தலைப்பு 'ஃபைனல் கர்ட்டன்'. கடைசித் திரை. திரை விழப்போவது தொடருக்கே என்று பெயர் வைத்தபோது யாருக்குத் தெரியும்!

நான் ஓவிய ஆசிரியன். பிள்ளைகள் ஸ்பைடர்மேன் வரைந்தால் உடம்பு முழுக்க வலை போடுகிறேன் என்று பென்சிலைத் தேய்த்து, தாளையே கிழித்துவிடுவார்கள். ஷான் காலவே இந்தத் தொடருக்கு வரைந்த உருவங்களில் கோடுகள் குறைவு, கண்கள் பெரியவை. சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கிறது என்று அப்போது முகம் சுளித்தவர்கள் உண்டு. ஆனால் கோடு குறைந்தால்தான் உருவம் துள்ளும். சண்டைக் காட்சிகளைப் பார்த்தால் புரியும்.

சரி, கதைக்கு வருகிறேன். கிரீன் காப்ளின் என்ற வில்லன் யார்? முதல் பருவத்தில் முகமூடியைக் கழற்றியதும் தெரிந்தது, பீட்டரின் நண்பன் ஹாரி ஆஸ்போர்னின் முகம். ஹாரிக்கு ஒரு பச்சை மருந்துப் பழக்கம் இருந்தது, எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம் என்று கணக்கு முடிக்கப்பட்டது. கடைசிப் பகுதியில் அந்தக் கணக்கு தலைகீழாகிறது. காப்ளின் ஹாரி இல்லை, அவன் அப்பா நார்மன்.

வானொலியில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்லாமல் விட முடியாது: இந்த ரகசியத்தைக் காப்பாற்றியது குரல். முகமூடி போட்ட காப்ளினுக்குக் குரல் கொடுத்தவர் ஸ்டீவ் ப்ளம். கோட்டு சூட்டு போட்ட நார்மனுக்கு ஆலன் ராக்கின்ஸ். ஒரே ஆளுக்கு இரண்டு குரல். முகம் மறைந்தாலும் குரலை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கிற என்னைப் போன்ற பழைய வானொலி நாடக ரசிகர்களை அவர்கள் அங்கேயே மடக்கிவிட்டார்கள்.

காப்ளினும் நார்மனும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் நின்றார்களே? அது வேஷம். உருவம் மாற்றும் கமீலியன் என்ற இன்னொரு வில்லன் நார்மனாக நடித்தான். ஸ்பைடர்மேன் இதைப் பிடித்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆய்வுக்கூடமும் இல்லை, கைரேகையும் இல்லை. வேஷம் போட்ட நார்மன் மன்னிப்புக் கேட்டுவிட்டான், அவ்வளவுதான். நிஜ நார்மன் தொடக்கத்திலிருந்தே, மன்னிப்புக் கேட்காதே, நான் கேட்பதே இல்லை என்று சொல்லி வருகிறவன். பெற்ற மகனிடம்கூட அந்த வார்த்தை வராது. ஹாரியின் மேல் பழி விழ வேண்டும் என்பதற்காக அவன் காலையே முறுக்கி நொண்ட வைத்த அப்பா அவன்.

சண்டை வெடிப்பில் முடிகிறது. நார்மன் இறந்துவிட்டான் என்று ஊர் நம்புகிறது. ஸ்பைடர்மேன் ஜெயித்துவிட்டான். கதை உண்மையில் இதற்கு அப்புறம்தான் நகர்கிறது.

பீட்டர் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறான். தன் மனதில் இருப்பவள் க்வென் ஸ்டேசி. லிஸ் என்ற பெண்ணோடு அவனுக்கிருந்த உறவை முறித்துக்கொள்கிறான். அவள் அழுகையை அடக்கிக்கொண்டு, நான்தான் உன்னை வேண்டாம் என்கிறேன் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டுப் போகிறாள். சில நொடிகள்தான், ஆனால் அந்தப் பெண்ணின் மானம் மொத்தமும் அதில் இருக்கிறது. க்வென் அப்போது ஹாரியோடு இருக்கிறாள். அவளும் ஹாரியிடம் சொல்லிவிடலாம் என்றுதான் வருகிறாள். அப்போது ஹாரி பேசுகிறான்: அப்பா போய்விட்டார், நீயும் இல்லையென்றால் நான் மறுபடி அந்தப் பச்சை மருந்துக்கே போயிருப்பேன். மனதாரச் சொன்னானா, வலை விரித்தானா? வலைதான் என்பது என் கட்சி. க்வெனால் அதற்கப்புறம் வாயைத் திறக்க முடியவில்லை. கல்லறைத் தோட்டத்தில் அவளும் பீட்டரும் தூரத்திலிருந்து பார்த்துக்கொள்கிறார்கள். சாகாத நார்மன் வேறு பெயரில் விமானம் ஏறுகிறான்.

காமிக்ஸ் படித்தவர்களுக்கு அந்தப் பார்வை இன்னும் கனமாக இருக்கும். 1973இல் வந்த கதையில் க்வென் சாகிறாள், காரணம் இதே காப்ளின். இங்கே க்வென் உயிரோடு இருக்கிறாள், காப்ளினும் உயிரோடு இருக்கிறான். அவ்வளவையும் அடுக்கி வைத்துவிட்டுக் கதை நின்றுபோனது.

ஏன் நின்றது? ஸ்பைடர்மேன் மார்வெல் என்ற காமிக்ஸ் நிறுவனத்தின் பிள்ளை, ஆனால் திரையில் காட்டும் உரிமை சோனியிடம் இருந்தது. 2009இல் சினிமா உரிமையை வைத்துக்கொண்டு, தொலைக்காட்சி அனிமேஷன் உரிமையை சோனி திருப்பிக் கொடுத்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் கடைசியில், மார்வெலைச் சுமார் 400 கோடி டாலருக்கு வாங்குவதாக டிஸ்னி அறிவித்தது. சோனி தயாரித்த தொடரை சோனியே தொடர முடியாது. மார்வெல் 2012இல் வேறொரு ஸ்பைடர்மேன் தொடரைத் தொடங்கியது. 65 பகுதிகள் வரை வைஸ்மன் திட்டம் வைத்திருந்தார். சொத்துப் பிரிவினையில் பிள்ளை யார் வீட்டில் சாப்பிடுவது என்று முடிவாவதற்குள் சோறு ஆறிப்போன கதை.

இதையெல்லாம் பத்து வயதுப் பையனுக்கு எப்படிச் சொல்வது? "கம்பெனிக்குள்ள தகராறு" என்றேன். "அதுக்கு க்வென் என்ன பண்ணுவா?" என்றான்.

2023இல் 'அக்ராஸ் த ஸ்பைடர்-வெர்ஸ்' படம் வந்தது. ஏகப்பட்ட ஸ்பைடர்மேன்கள் கூடும் அந்தக் கூட்டத்தில் நம் பையனும் ஒரு கணம் வந்து போகிறான், பழைய தொடரில் பேசிய அதே ஜாஷ் கீட்டனின் குரலில். என் அக்கா மகன் அப்போது கல்லூரி முடித்து வேலையில் இருந்தான். நண்பர்களோடு தமிழ்ப் பதிப்பைப் பார்த்தவன், உருவத்தைக் கண்டு துள்ளியிருக்கிறான். குரலைக் கேட்க வேண்டுமென்று மறுநாள் தனியாக ஆங்கிலப் பதிப்புக்குப் போனான். இரவுக் காட்சி முடிந்து பதினொன்றரை மணிக்கு எனக்கு போன்.

"அதே குரல் மாமா. ஒரே ஒரு வசனம்."

"க்வென் விஷயம் ஏதாவது சொன்னானா?" என்று கேட்டேன்.

"இல்ல மாமா."