தப்பிச்ச அந்த நர்ஸ் அப்புறம் என்ன ஆனாங்க?

சரி, அடுத்த கேள்வி. "போன வீடியோல இந்தோனேசியாவுல இருக்கற பாங்கா தீவு கடற்கரையில நர்ஸுங்கள சுட்டுக் கொன்னத சொன்னீங்க, உயிர் தப்பிச்ச விவியன் புல்விங்கிள் அதுக்கப்புறம் நர்ஸ் வேலைய விட்டுட்டாங்களா?"னு கேட்டிருக்காங்க.

விடவே இல்லைங்க. அப்ப அவங்களுக்கு வயசு 26 தான். இரண்டாம் உலகப் போர்ல, 1942 பிப்ரவரில சிங்கப்பூர் ஜப்பான் கையில விழப்போற நேரம், 65 ஆஸ்திரேலிய நர்ஸுங்க வைனர் புரூக்ங்கற கப்பல்ல கெளம்பி, அத ஜப்பான்காரன் குண்டு போட்டு மூழ்கடிச்சு, கரை சேந்தவங்கள்ல 22 பேர கடலுக்குள்ள நடக்கவிட்டு பின்னாடி இருந்து சுட்டாங்கல்ல, அதுல இவங்களுக்கு இடுப்புகிட்ட குண்டு ஒரு பக்கம் பூந்து மறுபக்கம் வந்துடுச்சு, செத்த மாதிரி தண்ணில கெடந்து பொழச்சாங்க.

பொழச்சவங்க முதல்ல செஞ்சதே நர்ஸ் வேலை தான். காட்டுக்குள்ள கிங்ஸ்லின்னு காயம்பட்ட ஒரு பிரிட்டிஷ் சிப்பாய் கெடைச்சாரு, தனக்கே குண்டடி, அதோட 12 நாள் அவர பாத்துக்கிட்டாங்க. வேற வழியில்லாம ரெண்டு பேரும் ஜப்பான்காரன்கிட்ட சரணடைஞ்சாங்க, அவரு கொஞ்ச நாள்ல இறந்துட்டாரு. இங்க தான் முக்கியமான விஷயம். நடந்தத நேர்ல பாத்த சாட்சி ஒருத்தி இருக்கான்னு தெரிஞ்சா விடுவானா? அதனால யூனிஃபார்ம்ல இருந்த குண்டு ஓட்டைய தண்ணி பாட்டில தொங்கவிட்டு மறைச்சுக்கிட்டாங்க. ஜப்பான்காரன் அடைச்சு வெச்ச கேம்ப்ல இருந்த மத்த நர்ஸுங்களுக்கு விஷயம் தெரியும், மூன்றரை வருஷம் ஒருத்தர் வாய்ல இருந்தும் வரல! அந்த 65 பேர்ல ஊர் திரும்பினது 24 பேர் தான்.

1946ல டோக்கியோ போர்க்குற்ற விசாரணையில போய் சாட்சி சொன்னாங்க. அப்புறம் ஆர்மிய விட்டாங்க, ஆஸ்பத்திரிய விடல. 1961ல மெல்போர்ன் ஃபேர்ஃபீல்டு தொற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு மேட்ரன், அதாவது அங்க இருக்கற அத்தனை நர்ஸுக்கும் தலைவி. 16 வருஷம் அங்கயே. 1975ல தெற்கு வியட்நாம் தலைநகர் சைகோன் விழப்போறப்ப வியட்நாம் அனாதைக் குழந்தைங்கள கொண்டு வந்தாங்கல்ல, அந்த வேலையிலயும் முன்னாடி நின்னாங்க. சிங்கப்பூர்ங்கற விழுற ஊர்ல இருந்து கெளம்பினவங்க, 33 வருஷம் கழிச்சு இன்னொரு விழுற ஊர் குழந்தைங்களுக்காக. எனக்கு என்னமோ கடற்கரை கதைய விட இது தான் பெருசா படுது, ஆனா யாரும் இத பேசறதில்ல.

1977ல, 61 வயசுல ரிட்டயர் ஆனாங்க, அதே வருஷம் கல்யாணமும் பண்ணிக்கிட்டாங்க! 2000ல இறந்தாங்க. அந்த ஓட்டை விழுந்த யூனிஃபார்ம் இப்ப கான்பெராவுல போர் நினைவகத்துல இருக்கு.

அடுத்த கேள்விக்கு போலாம்.