வயிற்றில் பிறந்த கவலை

வணக்கம். எனக்குத் தந்திருக்கிற நேரம் கொஞ்சம்தான், அதனால் ஒரேயொரு ஆங்கிலச் சொல்: எஸ், ஏ, டி, ஸாட். கவலை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்ததோடு சரி, அதற்கு மேல் நாங்கள் கிளறிப் பார்ப்பதில்லை.

அதற்கு முன் ஒரு கதை. சென்னையிலிருந்து வந்து கொழும்பில் வெள்ளவத்தையில் தங்கியிருந்த நண்பர் ஒருவர் எனக்குக் கோல் எடுத்தார். நான் காய்ச்சலில் படுத்திருந்தேன். மனைவி, "அவருக்கு வருத்தம், கதைக்க ஏலாது" என்று சொல்லிவிட்டாள். அன்று பின்னேரமே மனுஷன் ஒரு பெட்டி இனிப்போடு வாசலில் நிற்கிறார். "அண்ணி, நேற்று புட்டைப் பற்றி நான் சொன்னது சும்மா விளையாட்டுக்கு!" நான் உள்ளே போர்த்துக்கொண்டு கொத்தமல்லித் தண்ணி குடிக்கிறேன். எங்களுக்கு வருத்தம் உடம்பில், அவருக்கு அது மனதில். (இனிப்பைத் திருப்பிக் கொடுக்கவில்லை, அது வேறு.)

ஸாடும் இப்படித்தான், மனதில் பிறக்கவில்லை, வயிற்றில் பிறந்தது. பழைய ஆங்கிலத்தில் அதற்குப் பொருள் வயிறு நிறைந்தவன். ஆமாம், வயிறு நிறைந்தவன்! அதன் ஒன்றுவிட்ட சகோதரம் ஜெர்மன் மொழியில் சட் என்று இன்றும் இருக்கிறது, அங்கே சாப்பிட்டு முடித்தவர் அதைச் சொன்னால் போதும் என்றுதான் அர்த்தம். கலியாண வீட்டில் மூன்றாவது தடவை பாயசம் ஊற்ற வருகிறார்களே, அப்போது வருகிற தெவிட்டலை நினைத்துப் பாருங்கள். நிறைவு தெவிட்டலாகி, தெவிட்டல் அலுப்பாகி, அலுப்பு கனமாகி, 14ஆம் நூற்றாண்டளவில் அந்தக் கனம் மனதில் ஏறிவிட்டது. திருப்தியைச் சொல்லும் சட்டிஸ்ஃபை என்ற சொல்லுக்கும் இதே வேர்தான் என்றால் நம்புவீர்களா? வட இங்கிலாந்தில், பொங்காமல் கட்டியாகிப் போன ரொட்டியையும் ஸாட் என்பார்கள். எங்கள் ஊரிலும் நடுவில் களிபோல இருக்கிற பாண் கிடைக்கும், எந்தக் கடை என்று சொல்லமாட்டேன்.

இன்னொன்று, இன்றைய பேச்சில் ஒருவரைப் பார்த்து ஸாட் என்றால் பரிதாபமான ஆள் என்ற நக்கலும் இருக்கலாம், கவனம்.

ஒலிபரப்புக் கூடத்துக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். அன்ஹாப்பி பற்றி நிறையச் சொல்ல இருந்தேன். சுருக்கமாக: அதற்குள் இருக்கும் ஹாப் என்றால் அதிர்ஷ்டம். அலுவலகக் கடிதத்தில் யாராவது உங்கள் வேலையைப் பற்றி அன்ஹாப்பி என்று எழுதினால் அவர் அழவில்லை, அவருக்குத் திருப்தியில்லை, வேலையைத் திருத்திக் கொடுங்கள். வணக்கம்.