ஒரு கவளம் அரிசிம்பருப்பு

பெரியோர்களே, தாய்மார்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே, வணக்கம்.

இந்த நூலகத்தின் பின்கட்டில், நாம் அரிசிம்பருப்பு என்று சொல்லும் சோறு அண்டாவில் வெந்துகொண்டிருக்கிறது. சின்ன வெங்காயமும் சீரகமும் தாளித்த மணம் மேடை வரைக்கும் வருகிறது. உங்களில் பலருக்கு இந்நேரம் வாயில் நீர் ஊறியிருக்கும். செரிமானம் வயிற்றில் தொடங்குவதாகவே பலரும் எண்ணுகிறோம். ஆனால், மணம் மூக்கை எட்டியவுடனேயே மூளையின் ஆணை உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்கும் இரைப்பைக்கும் போய்விடுகிறது. அந்தச் சோற்றில் ஒரு கவளத்தை, மேலே ஒரு கரண்டி நெய் விட்டு, கடைசி வரைக்கும் பின்தொடர்ந்து போவதே இன்றைய என் பேச்சு. அரிசியில் மாவுச்சத்து, பருப்பில் புரதம், நெய்யில் கொழுப்பு என்று செரிக்க வேண்டிய மூன்றும் அந்த ஒரே கவளத்தில் இருக்கின்றன.

விழுங்கிய உணவு உடலுக்குள் போய்விட்டதாகச் சொல்கிறோம். உண்மையில், குடலுக்குள் கிடக்கும் வரை அது உடலுக்கு வெளியே நிற்பதாகத்தான் பொருள். குடற்சுவரைத் தாண்டி இரத்தத்தில் கலந்தால்தான் அது நமக்குச் சொந்தம். அந்தச் சுவரோ மிகச் சிறிய துண்டுகளை மட்டுமே உள்ளே விடும். மாவுச்சத்து என்பது ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் மணிகளைக் கோத்த மாலை. புரதம் அமினோ அமிலங்களைக் கோத்த மாலை. இந்த மாலைகளை அறுத்து மணி மணியாக உதிர்க்கும் வேலைக்குத்தான் செரிமானம் என்று பெயர். அறுக்கும் கத்திகள் நொதிகள்.

முதல் கத்தி உமிழ்நீரில் இருக்கும் அமிலேஸ். இன்று இலையில் அமர்ந்ததும் வெறுஞ்சோறு ஒரு வாய் எடுத்து, விழுங்காமல் ஒரு நிமிடம் மென்று பாருங்கள். மெல்ல மெல்ல இனிப்புத் தட்டும். மாவுச்சத்து சர்க்கரையாக உடைவதை உங்கள் நாக்கே உங்களுக்குச் சொல்லும் சோதனை அது. நாளொன்றுக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் உமிழ்நீர் சுரக்கிறது. ஷிப்ட் இடைவேளையில் பத்து நிமிடத்தில் தூக்குப்போசியைக் காலி செய்துவிட்டு மெஷினுக்கு ஓடும் நம் பிள்ளைகளை நினைத்து நான் வருந்துவதுண்டு. ஏனெனில், இவ்வளவு நீண்ட பாதையில், கடைசியில் கழிப்பதை விட்டால், நம் விருப்பத்துக்கு உட்பட்ட வேலை மெல்லுவதும் விழுங்குவதும் மட்டுமே. தொண்டையைத் தாண்டிவிட்டால், உணவுக்குழாயின் தசைகள் அலை அலையாகச் சுருங்கி, படுத்துக்கொண்டு விழுங்கினாலும்கூடச் சில நொடிகளில் கவளத்தை இரைப்பையில் சேர்த்துவிடும்.

இரைப்பைக்குள் நடப்பதை மனிதன் கண்ணால் கண்ட கதையைச் சற்று நின்று சொல்ல வேண்டும். 1822 ஜூன் 6 அன்று அமெரிக்காவின் மாக்கினாக் தீவில், மென்மயிர்த் தோல் வணிகத்தில் கூலி வேலை பார்த்த அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞரின் இடப்பக்கத்தில், மிக அருகில் வெடித்த துப்பாக்கியின் குண்டு பாய்ந்தது. ராணுவ மருத்துவர் வில்லியம் போமான்ட் அவரைப் பிழைக்க வைத்தார். ஆனால் காயம் ஆறியபோது, வெளியிலிருந்து இரைப்பைக்குள் பார்க்கும்படி ஒரு துளை நிலைத்துவிட்டது. போமான்ட் இறைச்சித் துண்டுகளைப் பட்டு நூலில் கட்டி அந்தத் துளைக்குள் இறக்கி, மணிக்கணக்குப் பார்த்து இழுத்துச் சோதித்தார். இரைப்பை நீரை வெளியே எடுத்து, கண்ணாடிக் குப்பியில் வெதுவெதுப்பாக வைத்து அதில் இறைச்சியைப் போட்டபோதும் அது கரைந்தது. வயிறு வெறுமனே அரைக்கும் ஆட்டுக்கல் அன்று, வேதிப்பொருளால் கரைக்கும் இடம் என்பது அதனால் உறுதியாயிற்று. முடிவுகள் 1833இல் நூலாக வெளிவந்தன. பெருமை மருத்துவருக்குப் போனது. அவர் வீட்டு வேலையும் செய்துகொண்டு, பசியோடும் வலியோடும் இந்தச் சோதனைகளுக்கு உடம்பைக் கொடுத்த அந்தக் கூலித் தொழிலாளியின் பெயரையும் நாம் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இரைப்பையின் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கிருமிகளில் பெரும்பாலானவற்றைக் கொன்று, பருப்பின் புரத முடிச்சுகளைப் பிரித்துவிடுகிறது; பெப்சின் என்ற நொதி அதன்பின் வெட்டத் தொடங்குகிறது. கூழாகிப்போன உணவு சிறிது சிறிதாகச் சிறுகுடலில் இறங்குகிறது. அங்கே கணையநீர் அமிலத்தின் புளிப்பை முறித்து, மூன்று சத்துகளுக்கும் உரிய நொதிகளை ஊற்றுகிறது.

ஆனால் நெய் தண்ணீரோடு சேராதே, என்ன செய்வது? எண்ணெய் தேய்த்த தலையில் வெறும் தண்ணீரை எத்தனை சொம்பு ஊற்றினாலும் பிசுக்குப் போவதில்லை; அரப்புத்தூளைக் குழைத்துத் தேய்த்தால்தான் எண்ணெய் நுண்துளிகளாக உடைந்து நீரோடு ஓடுகிறது. கல்லீரலிலிருந்து வரும் பித்தநீர் குடலில் செய்யும் வேலையும் இதுவேதான். பித்தநீரில் நொதி கிடையாது. அது துளியாக்கிக் கொடுக்க, கணையத்தின் லிபேஸ் என்ற நொதி வெட்டுகிறது.

உதிர்ந்த மணிகளை உறிஞ்சுவதும் சிறுகுடல்தான். சென்னிமலைப் போர்வையையும் டர்க்கித் துண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். தட்டையான போர்வையைவிட, நூல் சுருள்கள் எழுந்து நிற்கும் துண்டு எவ்வளவு ஈரத்தை வாங்குகிறது என்பது தறிக்காரர்களுக்குத் தெரியும். சிறுகுடலின் உட்புறம் அப்படிப்பட்டது. ஆறு மீட்டர் நீளக் குழாய் வழுவழுப்பாக இருந்திருந்தால் அரைச் சதுர மீட்டர் பரப்புத்தான் தேறும். மடிப்புகளும் விரல் போல நீண்டு நிற்கும் குடலுறிஞ்சிகளும் அவற்றின் மேலுள்ள நுண்ணிழைகளும் சேர்ந்து அதை ஏறத்தாழ 30 சதுர மீட்டராக்குகின்றன.

செரியாமல் மிஞ்சுவது நார். நம் காங்கேயம் மாடு சோளத்தட்டைத் தின்றுவிட்டு மர நிழலில் படுத்து அசைபோடுகிறதே, அந்தத் தட்டில் இருக்கும் செல்லுலோசும் குளுக்கோஸ் மாலைதான். மணிகளைக் கோத்த முடிச்சு மட்டும் வேறு. அதை அறுக்கும் கத்தி நம்மிடம் இல்லை, மாட்டிடமும் இல்லை. மாட்டின் வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்களிடம் இருக்கிறது. நம் பெருங்குடலிலும் நுண்ணுயிர்கள் உண்டு. கொள்ளிலுள்ள ராஃபினோஸ் போன்ற சர்க்கரைகள் செரியாமல் அங்கே போய்ச் சேர்வதால்தான் வாயு உண்டாகிறது. கொள்ளை ஊறவைத்து அந்த நீரைக் கொட்டிவிட்டு முளைகட்டும் நம் வீட்டுப் பெண்களின் வழக்கம் அச்சர்க்கரைகளைப் பெருமளவு குறைக்கிறது.

கடைசியாகத் தண்ணீர்க் கணக்கு. நாம் உண்ணும் உணவோடும் குடிநீரோடும் சேர்வது சுமார் இரண்டு லிட்டர். உடலே சுரந்து ஊற்றுவது சுமார் ஏழு லிட்டர். இந்த ஒன்பதில் நூறு, இருநூறு மில்லிலிட்டர் போக மற்றதெல்லாம் திரும்ப உறிஞ்சப்படுகிறது. வயிற்றுப்போக்கு வந்தால் குலைவது இந்தக் கணக்குத்தான். குழந்தை ஒரே நாளில் துவண்டுபோவதும் அதனால்தான். குடற்சுவரில் குளுக்கோசும் உப்பும் கைகோத்தே உள்ளே போகின்றன, தண்ணீர் அவற்றைப் பின்தொடர்கிறது. ஆகவே ஓ.ஆர்.எஸ். எனும் உப்புச் சர்க்கரைப் பொட்டலம் கைக்கு எட்டாத நேரத்தில், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து, மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே சிறிது சிறிதாகக் கொடுத்துக்கொண்டிருங்கள்; அளவை மட்டும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.